மஞ்சள் ஒழுகிய வேன்

வெயில் காலத்தில் வெளியே நிற்பதைவிட வண்டிக்கு அடியில் படுத்திருப்பது குளிர்ச்சி. ஒரு தூக்கம்கூடப் போடலாம் போலிருக்கும். ஆனால் முப்பது வருடத்துக்கு மேல் வண்டிக்கு அடியில் படுத்தவன் நான், ஒரு நாளும் தூங்கியதில்லை. இரண்டு கையும் மேலே தூக்கியபடியே இருக்கும். கண்ணில் துரு விழும், வாயில் எண்ணெய் விழும். படுத்துக்கொண்டே செய்கிற வேலைதானே என்று பார்க்கிறவர்கள் சொல்வார்கள். படுத்துப் பார்த்தால் தெரியும்.

இதை ஏன் முதலில் எழுதுகிறேன் என்றால், ஐயா, உனக்கும் பிலோமின்ராஜுக்கும் என்ன பகை என்று நேற்று கேட்டீர்கள். பகை ஒன்றும் இல்லை. எனக்குக் களைப்பு இருந்தது, அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லத் தானே எழுதுவதாக உங்கள் ஏட்டையா சொன்னார். அவர் எழுதினால் முன்விரோதம் காரணமாக என்று ஆரம்பித்துவிடுவார். அதனால் நானே எழுதுகிறேன். எனக்கு எழுத்து பிந்தி வந்தது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திருவானைக்காவலில் ரோட்டோரமாக ஷேக் தாவூது பாயின் பட்டறை இருக்கிறது. ரேடியேட்டர், சைலன்சர் வேலைகள் செய்வோம். வாசலில் பெரிய வேப்பமரம். பக்கத்து வீடு பீமராவ் சாருடையது. ரிட்டயர் ஆனவர். நாங்கள் சுத்தியல் எடுத்தால் ஜன்னலைத் திறந்து, "கொஞ்சம் மெதுவா தட்டேம்ப்பா, சீரியல்ல பேசறது காதுல விழல" என்பார். இத்தனை வருடத்தில் அவர் என்னிடம் பேசியது அது ஒன்றுதான்.

பிலோமின்ராஜ் சொந்தமாக வேன் வைத்து ஸ்கூல் டிரிப் ஓட்டினார். ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு காவிரிப் பாலம் தாண்டி டவுன் பள்ளிக்கூடங்களில் விடுவார். நல்ல மனிதர். என்னை மூக்கண்ணே என்றுதான் கூப்பிடுவார். வெறும் மூக்கன் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

மாசிக் கடைசியில் ஒரு சாயங்காலம் வேனைக் கொண்டுவந்து நிறுத்தினார். "கீழ சொட்டுதுண்ணே. எங்க நிறுத்தினாலும் சின்னப் பிள்ள உச்சா போன மாதிரி ஈரமாக்கி வச்சிருது. மானமே போவுது" என்றார்.

படுத்துப் பார்த்தேன். ரேடியேட்டரின் அடித் தொட்டியில், ஓரமாக, ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை. இதற்கு முறையான வேலை என்னவென்றால், குழாய்களைக் கழற்றி, ரேடியேட்டரை இறக்கி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துவிட்டு, மறுபடி மாட்ட வேண்டும். கஷ்டமான வேலை இல்லை. ஆனால் அன்று விடிந்ததிலிருந்து ஒரு லாரிக்கு அடியில் கிடந்தேன். தோள்பட்டை இரண்டும் யாருடையதோ போல இருந்தன. பாய் தொழுகைக்குப் போயிருந்தார்.

"காலையில கட்டாயம் வேணும்ணே. ப்ளஸ் டூ பிள்ளைங்களுக்குப் பரீட்சை. என்னைய நம்பி இருக்குதுங்க" என்றார் பிலோமின்ராஜ்.

ரேடியேட்டருக்குள் ஒரு கைப்பிடி மஞ்சள்தூளைப் போட்டு இன்ஜினை ஓடவிட்டால், தூள் ஓட்டையில் போய் ஒட்டி, ஊறி, அடைத்துக்கொள்ளும். நடுவழியில் நின்றுபோன லாரிக்காரர்கள் செய்கிற வேலை இது. ஊர் போய்ச் சேரும்வரை தாங்கும். பட்டறையில் இதைச் செய்யக் கூடாது. பாய் பார்த்தால் ஸ்பானரைத் தூக்கி அடிப்பார். பாய் இல்லை. பக்கத்து மெஸ்ஸில் மஞ்சள்தூள் வாங்கி வந்து போட்டேன். சொட்டு நின்றது.

"கழட்டவே இல்லையேண்ணே?"

"கழட்டாமலே அடைக்கிற வித்தை இருக்கு தம்பி."

"நீங்க மெக்கானிக்கா டாக்டராண்ணே?" என்று சிரித்துக்கொண்டே போனார். கழற்றி மாட்டியிருந்தால் நீங்களும் நானும் இந்த அறையில் உட்கார்ந்திருக்க மாட்டோம்.

மறுநாள் காலை பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது ஓட்டை பெரிதாகிவிட்டது. மாம்பழச்சாலையிலிருந்து பட்டறை வரைக்கும் ரோட்டில் மஞ்சள் கோடு போட்டுக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினார். பானெட்டுக்குள்ளிருந்து ஆவி. அடியிலிருந்து மஞ்சள் தண்ணீர். அவர் கூலண்ட் ஊற்றி ஓட்டுகிறவராக இருந்தால் அது பச்சையாக ஒழுகியிருக்கும். பச்சையைப் பார்த்து யாரும் கும்பிட மாட்டார்கள். அவர் சிக்கனக்காரர், வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டினார். இதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

சமயபுரத்தில் பூச்சொரிதல் தொடங்கியிருந்தது. மஞ்சள் சேலையும் மஞ்சள் வேட்டியுமாக ஜனங்கள் எங்கள் ரோடு வழியாகத்தான் நடந்து போவார்கள். வையம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு கூட்டம் அப்போது வந்தது. முன்னால் வெள்ளையம்மாள் என்று ஒரு பெண். செருப்பில்லாத காலில் தார் ஒட்டியிருந்தது. ஓடி வந்த மஞ்சள் தண்ணீர் அவள் பாதத்தைத் தொட்டது. அதில் வேப்பிலை மிதந்தது. மரத்திலிருந்து உதிர்ந்த இலை. வெதுவெதுப்பாக இருந்திருக்கும். அவள் குனிந்து பார்த்தாள். பிறகு கூந்தல் அவிழ்ந்தது.

"நடந்து நடந்து காலு கடுக்குதுடா" என்று அவள் கத்தினாள். "இங்கயே உக்காந்துட்டேன்டா. என்னைய எழுப்பாதீங்கடா."

நான் அந்த நேரம் வேனுக்கு அடியில் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ சத்தமாக இருக்கிறதே என்று வெளியே ஊர்ந்து வந்தேன். தலை, முகம், சட்டை எல்லாம் மஞ்சள். கூட்டம் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒருவர் என் காலில் விழுந்தார். பின்னால் வந்தவர்களுக்கு அவர் ஏன் விழுந்தார் என்று தெரியாது. ஆனாலும் விழுந்தார்கள்.

மஞ்சள்தூள் போட்டது நான்தான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். சத்தியமாகத் திறந்தேன். அப்போது பீமராவ் சார் தன் வீட்டு வராந்தாவிலிருந்து ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டார். கைப்பிடி வைத்த நாற்காலி.

"உக்காருப்பா மூக்கா. ரொம்பக் களைச்சுப் போயிருக்கே" என்றார்.

உட்கார்ந்தேன். ஐயா, பட்டறையில் எங்களுக்கு உட்கார எதுவும் கிடையாது. சாப்பிடுவதற்கு டயர் மேல் உட்காருவோம். டயரில் சாய முடியாது. நான் சாய்ந்தேன். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தொட்டது. அந்தப் பெண் வாயிலிருந்து வந்ததையும் யோசித்துப் பார்த்தேன். அம்மனுக்கே களைப்பு வந்து உட்கார்ந்துவிட்டாள் என்கிறார்கள். நான் எந்த மூலை?

பிலோமின்ராஜ் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் காதில் சொன்னார். "மூக்கண்ணே, மஞ்சத்தூளுன்னு சொல்லிருங்கண்ணே."

"நீங்களே சொல்லலாமே தம்பி."

"நான் சொன்னா மாதா கோயில்காரன் அம்மனப் பழிக்கிறான்னு ஆயிருமேண்ணே. சாயங்காலம் பிள்ளைங்கள வேற கூப்பிடப் போகணும்."

பாயும் அதைத்தான் வேறு விதமாகச் சொன்னார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார். நான் எழவில்லை. அவரே வந்து குனிந்தார். "எவ்வளவுடா போட்ட?"

"ஒரு கைப்பிடி பாய்."

"அறிவு கெட்டவனே. நான் வாயத் தொறந்தா அது வேற மாதிரி ஆயிடும். நீ சொன்னா உனக்கு இந்த நாற்காலி மட்டும்தான்டா போகும். சொல்லித் தொலை."

அவர் சொன்னது சரிதான். அந்த இடத்தில் சொல்ல முடிந்தவன் நான் ஒருவன்தான். ஆனால் போகப்போவது நாற்காலி மட்டும்தான் என்று அவர் சுலபமாகச் சொல்லிவிட்டார். அவருக்கு வீட்டில் ஆறு நாற்காலி இருக்கிறது.

அதற்குப் பிறகு எல்லாம் தானாக நடந்தது. பானெட்டைத் தூக்கி நிறுத்தித் தோரணம் கட்டினார்கள். வைப்பரில் வேப்பிலை. கண்ணாடியில் பெரிய குங்குமப் பொட்டு. யாரோ ஹெட்லைட்டைப் போட்டுவிட, அம்மா கண் திறந்தாள் என்றார்கள். அதன் பிறகு தீபாராதனை நேரத்தில் ஹெட்லைட் போடுவது வழக்கமானது. ஹாரன் அடிக்க ஒரு ஆள். விளக்குக்கு எண்ணெய் கொண்டுவருவது போல ஜனங்கள் பாட்டிலில் டீசல் கொண்டுவந்தார்கள். டீசல் வேண்டியிருந்தது. இன்ஜின் ஓடினால்தான் சூடு ஏறும், சூடு ஏறினால்தான் ஒழுகும். காலையும் மத்தியானமும் ஸ்டார்ட் பண்ணுவது என் வேலை. நான் உட்கார்ந்தபடியே இருக்க, சாவியைத் திருப்ப ஓர் ஆள் வைத்தேன். மஞ்சள் குறையும்போது ஒரு பிடி போட்டேன். சரக்கு ஆட்டோக்காரர்கள் தங்கள் ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு வரிசையில் நின்று, ஆளுக்கு ஒரு மூடி பிரசாதம் வாங்கி ஊற்றிக்கொண்டு போனார்கள்.

சமயபுரத்து அம்மனுக்கு அது பச்சைப் பட்டினி விரதக் காலம். சமைத்தது எதையும் படைக்க மாட்டார்கள். நீர்மோர், பானகம், இளநீர், துள்ளு மாவு, இவ்வளவுதான். எங்கள் வேனுக்கும் அதையே கொண்டுவந்தார்கள். கொண்டுவந்ததை எங்கே ஊற்றுவது என்ற கேள்வி வந்தது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னைக் கேட்டு யாரும் எதையும் செய்தது அதற்கு முன் கிடையாது. ரேடியேட்டர் வாயைக் காட்டினேன்.

முதுகு வலி போய்விட்டது. நகக்கண்ணில் இருந்த கறுப்பு போய்விட்டது. பீமராவ் சார் வீட்டிலிருந்து காலையில் காப்பி வரும். சீரியல் சத்தத்தை அவர்களே குறைத்துவிட்டார்கள்.

பிலோமின்ராஜ் தினமும் வந்தார். முதலில் வேறு வேனைக் கெஞ்சி வாங்கி ஓட்டினார். பிறகு பிள்ளைகளைப் பெற்றவர்கள் நம்பிக்கையான வேனாகப் பார்த்து மாறிக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் வந்தார். தன் வண்டியைப் பார்க்கத் தானே வரிசையில் நின்றார். முறை வந்ததும் குங்குமத்தைக் கையில் வாங்கிக்கொள்வார், மரியாதைக்கு. பிறகு டயரைக் கையால் தட்டிப் பார்ப்பார். காற்று இறங்கியிருக்கிறதா என்று. பார்க்கிறவர்கள் அதையும் ஒரு கும்பிடும் முறை என்று நினைத்துத் தாங்களும் டயரைத் தட்ட ஆரம்பித்தார்கள்.

"இன்னும் எத்தன நாளைக்குண்ணே?"

"அம்மன் விரதம் முடியட்டும் தம்பி."

"அது பங்குனிக் கடைசி வரைக்கும் போவுமாமே. அதுக்குள்ள நான் பட்டினி கிடந்து செத்துருவேண்ணே. என்னோட பொழப்பே இந்த வண்டிதான்னு உங்களுக்குத் தெரியாதா?"

தெரியும். ஆனால் என் பிழைப்பும் இப்போது அதே வண்டிதான் என்பது அவருக்குத் தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் காலை ஒழுகவில்லை. ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தேன். நன்றாகச் சூடு ஏறியும் ஒரு சொட்டு இல்லை. நாற்காலியை விட்டு இறங்கி, பல நாளைக்குப் பிறகு அடியில் படுத்துப் பார்த்தேன். மோரும் வெல்லமும் துள்ளு மாவும் மஞ்சளும் வெந்து, இறுகி, ஓட்டையில் கட்டிப்போயிருந்தன. நகத்தால் சுரண்டினேன், வரவில்லை. ஈயம்கூட இவ்வளவு அழகாக உட்காராது. அதே கூழ்தான் உபரித் தண்ணீர் வெளியே வழிகிற சின்னக் குழாயையும் அடைத்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அம்மா ஏன் வரவில்லை என்று ஜனங்கள் கேட்டார்கள். வெள்ளையம்மாள் சமயபுரம் போய்விட்டுத் திரும்பி வந்து பட்டறை வாசலிலேயே தங்கியிருந்தாள். "யாரோ தீட்டோட வந்திருக்காங்க" என்று அவள் சொன்னதும் கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. எனக்குப் பயம் வந்தது. நாற்காலிக்கு ஒரு கால் ஆடுவது போல இருந்தது. இன்ஜினை நிறுத்தாதே, ஆக்ஸிலேட்டரில் செங்கலை வை என்று சாவி திருப்புகிறவனிடம் சொன்னேன். உள்ளே அழுத்தம் ஏறினால் அடைப்பு பிய்த்துக்கொண்டு ஒழுகும் என்று கணக்குப் போட்டேன். உச்சி வரைக்கும் ஓடியது. ஒழுகவில்லை. டீசல் தீர்ந்து தானாக நின்றது. ஜனங்கள் அன்னதானத்துக்குப் போய்விட்டார்கள். நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன்.

அப்போது பிலோமின்ராஜ் வந்தார். குனிந்து அடியில் பார்த்தார். தரை காய்ந்திருந்தது. கையை விட்டுத் தடவிப் பார்த்தார். ஈரம் இல்லை. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"அடைஞ்சிருச்சுண்ணே! சுத்தமா அடைஞ்சிருச்சு! சாமி கும்பிட்டவங்களே சரி பண்ணிட்டாங்க பாருங்க. நான் எடுத்துட்டுப் போயிடுறேண்ணே. எல்லாரும் வர்றதுக்குள்ள. அம்மா சமயபுரத்துக்கே போயிட்டான்னு சொல்லிருங்க. நல்லாத்தானே இருக்கும்?"

நல்லாத்தான் இருந்தது. அதைவிட நல்ல முடிவை யாரும் யோசித்திருக்க முடியாது. அவர் தோரணத்தை மெதுவாக, அறுக்காமல், அவிழ்த்து என் மடியில் வைத்தார். போகிற வழிக்குத் தண்ணீர் இருக்கிறதா பார்த்துவிடுவோம் என்று ரேடியேட்டர் மூடியில் சுற்றியிருந்த மஞ்சள் துணியைப் பிரித்தார். மூடியைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முகம், கழுத்து, நெஞ்சு என்று எல்லா இடத்திலும் பட்டது. சத்தத்தைக் கேட்டு ஜனங்கள் சாப்பாட்டுக் கையோடு ஓடி வந்தார்கள். அதற்குள் தோலில் கொப்புளங்கள் எழும்பத் தொடங்கியிருந்தன. அவற்றின் மேல் மஞ்சள்.

"முத்து போட்டுட்டா!" என்றாள் வெள்ளையம்மாள். "எடுத்துட்டுப் போகப் பாத்தான், அம்மா முத்து போட்டுட்டா!"

வெந்நீர் பட்டிருக்கிறது என்று ஒருவர் சொன்னார். அம்மா வெந்நீராகவும் வருவாள் என்று இன்னொருவர் சொன்னார். பிலோமின்ராஜ் ஆஸ்பத்திரி, ஆஸ்பத்திரி என்றார். நன்றாகவே கேட்டது. ஆனால் அம்மை போட்டவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வேப்பிலையில் படுக்கவைத்து, அவள் இறங்கும்வரை காத்திருந்து, மூன்று முறை தலைக்குத் தண்ணீர் ஊற்றி அனுப்ப வேண்டும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் வெந்நீர் என்று சொல்லியிருந்தால், அந்த வெந்நீர் எப்படி மஞ்சளானது என்று அடுத்த கேள்வி வரும்.

"வேப்பிலை கொண்டாங்க" என்றேன்.

பட்டறைக்குள் ஒரு மறைப்புக் கட்டிப் படுக்கவைத்தோம். பாய் அழுதுகொண்டே ஆம்புலன்சுக்குப் போன் பண்ணினார். வந்தது. அதிலிருந்து இறங்கிய பையன் யார் பேஷண்ட் என்று கேட்டான். கூட்டம் மறைப்புக்கு முன்னால் நெருங்கி நின்றுகொண்டது. லேசான காயம்தான், மனைவி வந்து வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார் என்று நான் சொன்னேன். எங்கோ பார்த்துக்கொண்டு சொல்லவில்லை, அவன் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து சொன்னால் எதையும் நம்புகிறார்கள். அவன் போகும்போது வேனைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான். பாய் அன்றோடு ஜுரம் வந்து படுத்துவிட்டார்.

பிலோமின்ராஜின் மனைவி லூர்துராணியம்மா வந்தார். அம்மை போட்ட இடத்துக்குள் வெளியிலிருந்து வருகிறவர்களை விடக்கூடாது என்று பெண்கள் அவரை மறித்து நிறுத்திவிட்டார்கள். புருஷன் முனகுவது வெளியே கேட்கும். அவர் ரோட்டில் நின்றுகொண்டு என்னிடம் பேசினார்.

"அண்ணே, அது அம்மை இல்லண்ணே. வெந்திருக்கு. தெனமும் கஞ்சி வடிக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?"

"பொறுங்கம்மா. இறங்கிடுவா."

"நீங்க சொன்னா இவங்க கேப்பாங்கண்ணே. ஒரே ஒரு வார்த்தை. எந்திரிக்கக்கூட வேணாம். உக்காந்த இடத்துல இருந்தே சொல்லுங்க."

"மூணாவது தண்ணி ஊத்துனதும் கூட்டிட்டுப் போங்கம்மா."

"அதுவரைக்கும் இருப்பாராண்ணே?"

"அது என் கையில இல்லம்மா."

அவர் போலீசுக்குப் போனார். முதலில் வந்த போலீஸ்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, பிரசாதம் வாங்கிக்கொண்டு போனார். உங்களுக்கு அவரைத் தெரியும், பெயர் வேண்டாம்.

பிலோமின்ராஜை நான் நன்றாகத்தான் பார்த்துக்கொண்டேன். இலையை அடிக்கடி மாற்றச் சொன்னேன். பக்கத்து மெஸ்ஸில் தாளிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினேன், அவர்களும் தாளிக்கவில்லை. இளநீர் கொடுத்தோம். கண் திறக்க முடியவில்லை, ஆனால் குரலை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பார். ஒரு தடவை அவர் பக்கத்தில் போனேன். "வண்டி நிக்குதாண்ணே?" என்று கேட்டார். நிக்குது தம்பி என்றேன். "ஒழுகுதா?" என்றார். இல்லை என்றேன். உதட்டை அசைத்தார். சிரித்ததாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

முதல் தண்ணீர் ஊற்றினோம். கத்தினார். இரண்டாவது தண்ணீருக்குக் கத்தவில்லை. குணமாகிறது என்று வெள்ளையம்மாள் சொன்னாள். மூன்றாவது தண்ணீர் ஊற்றும்போது அவர் இல்லை. ஊற்றியவர்களுக்கு அது தெரியாது. எனக்குத் தெரிந்தது. ஆனால் பாதியில் நிறுத்தினால் எல்லோரும் சங்கடப்படுவார்கள் என்று முழுக்க ஊற்றச் சொன்னேன்.

லூர்துராணியம்மா உங்களைக் கூட்டிக்கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான். நீங்கள் செருப்போடு உள்ளே வந்தீர்கள். எழுந்து நில்லுடா என்றீர்கள். அது உங்களுக்கு நினைவிருக்கும்.

டாக்டர் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு நேற்று ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டீர்கள். பல வருடம் வண்டி ஓட்டியவர், சூடான ரேடியேட்டரை எப்படித் திறப்பார்? நான் தெரியாது என்றேன். அது சரியில்லை. ராத்திரி லாக்கப்பில் யோசித்துப் பார்த்தேன். எழுத வந்த பிறகு அதை மட்டும் விட்டுவிடுவது முறையில்லை.

அவர் மூடியில் கை வைப்பதற்கு முன்னால் கேட்டார். வண்டி ஓடியதை அவர் பார்க்கவில்லை. அவர் வரும்போது இன்ஜின் நின்றிருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார்.

"ஆறியிருக்குமாண்ணே?"

ஒரு டாக்டரைக் கேட்பது போலத்தான் கேட்டார். அவர் மூடியைத் திறந்து, தண்ணீர் பார்த்து, ஜனங்கள் வைத்த பாட்டில் டீசலை ஊற்றிச் சாவியைத் திருப்பினால் வேன் போய்விடும். வேன் போனால் சாயங்காலம் நாற்காலியை எடுத்துக்கொள்ள பீமராவ் சார் வருவார். மரியாதையாகத்தான் எடுத்துக்கொள்வார். மறுநாள் காலையில் ஒரு லாரி வந்து நிற்கும், நான் அதற்கு அடியில் படுப்பேன். இதெல்லாம் அந்த ஒரு கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவில் எனக்குத் தெரிந்தது. நிதானமாகத் தெரிந்தது. அவசரப்படவில்லை.

"ஆறிடுச்சு தம்பி. தொறங்க" என்றேன்.

அதனால் பிலோமின்ராஜ் சாவுக்குக் காரணம் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் முன்விரோதம், தாக்குதல் என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள் ஐயா. அவர் மேல் என் விரல்கூடப் படவில்லை. நான் எழுந்துகூட நிற்கவில்லை.